வெறும் பாரும் வெறும் பொறியும்: மன்னார் வளைகுடாவைத் தாண்டிய ஒரு பழ ஈயின் வரைபடம்

1914 பிப்ரவரி மாதத்தில், மூன்று வார இடைவெளியில், நம்ம தென்கோடிக் கரையைத் தொட்ட இரண்டு விஷயங்கள் நடந்தன. பிப்ரவரி 3ஆம் தேதி பயிர்களை நாசம் செய்யும் பூச்சிகளும் நோய்களும் நாட்டுக்குள் வராமல் தடுக்க இந்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. பிப்ரவரி 24ஆம் தேதி பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. முதலாவது கதவைச் சாத்துகிற வேலை. இரண்டாவது கதவைத் திறக்கிற வேலை.

அதுவரை சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் போட் மெயிலில் தூத்துக்குடி வந்து, அங்கே கப்பல் ஏறி, மறுநாள் காலை கொழும்பில் இறங்குவார்கள். பாலம் வந்ததும் ரயில் தனுஷ்கோடிக்குத் திரும்பிவிட்டது. அங்கிருந்து தலைமன்னாருக்குச் சின்னக் கடல் பயணம்தான். தூத்துக்குடிக்கு இது பெரிய அடி. ஆனால் பூச்சிச் சட்டத்தின் கீழ் பிறகு வந்த விதிகளில் தூத்துக்குடியின் பெயர் இருந்தது. உயிருள்ள செடிகளைக் கடல் வழியாகக் கொண்டுவர வேண்டுமானால் பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ், நாகப்பட்டினம், தனுஷ்கோடி, தூத்துக்குடி போன்ற குறிப்பிட்ட துறைமுகங்கள் வழியாகத்தான் வரலாம். வந்த செடியை மூடிய அறையில் வைத்து ஹைட்ரோசயனிக் அமில வாயுவால் புகைமூட்டம் போட வேண்டும். அதைக் கவனித்தவர்கள் சுங்கத்துறைக்காரர்கள். பூச்சியியல் படித்தவர்கள் இல்லை. இதற்கென்று தனி இயக்ககம் வந்ததே 1946இல்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வெளியே இருக்கிற பூச்சி உள்ளே வரக்கூடாது என்றால், எது வெளியே இருக்கிறது, எது ஏற்கெனவே உள்ளே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஒரு வரைபடம் வேண்டும். பழ ஈக்களைப் பொறுத்தவரை அந்த வரைபடம் எப்படி உருவானது, எப்படித் தப்பானது, அந்தத் தப்புக்கு யார் யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் முத்துக்குப் போவோம்

ஒரு உயிரினம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று எண்ணிப் பார்ப்பது தூத்துக்குடிக்காரர்களுக்குப் புதுசு இல்லை. முத்துச் சிப்பி விஷயத்தில் அது நூற்றாண்டுகளாக நடந்த வேலை.

மன்னார் வளைகுடாவின் அடியில் பாறைத் திட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் 'பார்' என்று பெயர். தோளாயிரம் பார், நகரைப் பார், புலிப்பொன்னிப் பார் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் உண்டு. மேலே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. ஆனாலும் பரதவர்களுக்கு எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று தெரியும். முத்துச் சலாபம் நடத்துவதற்கு முன்னால் பார்களை ஆய்வு செய்வார்கள். குளியாட்கள் இறங்கி மாதிரிக்குச் சிப்பிகளை அள்ளி வருவார்கள். வயதைப் பார்ப்பார்கள், எண்ணிக்கையைப் பார்ப்பார்கள், சில ஆயிரம் சிப்பிகளைத் திறந்து முத்தை எடை போட்டு விலை கணக்கிடுவார்கள். அதை வைத்துத்தான் இந்த வருஷம் சலாபம் உண்டா இல்லையா என்று முடிவாகும்.

அந்தக் கணக்கு பல தடவை பொய்த்தது. ஒரு வருஷம் கோடிக்கணக்கில் குஞ்சு சிப்பி ஒட்டியிருக்கும். அடுத்த வருஷம் போனால் ஒன்றுகூட இருக்காது. கிளாத்தி மீன் தின்றுவிட்டது, திருக்கை தின்றுவிட்டது, சூரன் என்கிற சின்ன மட்டி பாய் விரித்த மாதிரி மூடி அமுக்கிவிட்டது, மண் மூடிவிட்டது என்று காரணங்கள் சொல்வார்கள். இலங்கை அரசு இதை ஆராய 1902இல் ஹெர்ட்மன் என்ற உயிரியல் பேராசிரியரை வரவழைத்தது. அவரோடு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அறிக்கை வந்தது. 1905இல் இலங்கைப் பக்கத்தில் 8 கோடிச் சிப்பிக்கு மேல் அள்ளினார்கள். அந்த உற்சாகத்தில் 1906இல் ஒரு ஆங்கிலேயக் கம்பெனி 20 வருஷத்துக்கு பார்களைக் குத்தகை எடுத்தது. 1907க்குப் பிறகு சிப்பியைக் காணோம். 1912இல் கம்பெனி மூடப்பட்டது.

தூத்துக்குடிப் பக்கத்திலும் இதே கதைதான். 1926 முதல் 1928 வரை தொடர்ந்து சலாபம் நடந்தது. பிறகு நீண்ட இடைவெளி. 1955 முதல் 1961 வரை மறுபடி. அதற்கப்புறம் பெரிய சலாபம் இல்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பார் ஆய்வுப் பதிவுகளில் சிப்பி இருந்த பார்கள் மட்டும் இல்லை, சிப்பி இல்லாத பார்களும் எழுதப்பட்டன. இறங்கிப் பார்த்தோம், வெறும் பார் என்று பதிவு. ஏன்? காசு. வெறும் பாரில் படகுகளை இறக்கினால் அரசுக்கு நஷ்டம், வியாபாரிக்கு நஷ்டம், குளியாளுக்கு அன்றைய பங்கு இல்லை. அதனால் 'இல்லை' என்ற தகவலுக்கும் மதிப்பு இருந்தது. 'பார்த்தோம், இல்லை' என்பதும் 'பார்க்கவே இல்லை' என்பதும் ஒன்றல்ல என்று இந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். ஈ விஷயத்தில் உலகம் இந்தப் பாடத்தைப் படிக்க ரொம்ப நாள் ஆனது.

ஈயைக் கூப்பிடும் வாசனை

கடலுக்கு அடியில் கிடக்கிற சிப்பியாவது நகராது. ஈ பறக்கும். அரிசி மணி அளவு உடம்பு. கொய்யாவிலோ மாவிலோ ஆரஞ்சிலோ தோலுக்குள் ஊசி மாதிரி குத்தி முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். வெளியே பார்த்தால் சின்னப் புள்ளி. உள்ளே புழு. பழம் கனிந்து விழும், புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகும், மறுபடி ஈயாக வரும். கோடையில் இந்தச் சுற்று முழுக்க ஏறக்குறைய ஒரு மாசம்தான். புழு விழுந்த பழத்தை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதற்குக் காரணமான ஈயை எத்தனை பேர் பார்த்திருப்போம்? பார்க்க முடியாததை எப்படி எண்ணுவது?

இதற்கு வழி கிடைத்தது இந்தியாவில்தான். பீகாரில் உள்ள பூசா வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் ஃப்ராங்க் மில்பர்ன் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் வேலை பார்த்தார். அங்கே ஒருவர் கொசுவுக்காக சிட்ரொனெல்லா எண்ணெய் தடவிக்கொண்டால், கொசு போகிறது, ஆனால் ஈக்கள் வந்து மொய்க்கின்றன. ஹவ்லெட் அதை விடவில்லை. பிடித்துப் பார்த்தால் அவை பழ ஈக்கள். அதிலும் எல்லாமே ஆண் ஈக்கள். 1912இல் இதை எழுதினார். எண்ணெயில் எந்தச் சரக்கு ஈயை இழுக்கிறது என்று பிரித்துப் பார்த்து, அது மெத்தில் யூஜினால் என்று 1915இல் எழுதினார். 1920இல் இறந்துபோனார்.

மெத்தில் யூஜினால் ஒன்றும் அபூர்வப் பொருள் இல்லை. நம்ம வீட்டுத் துளசியில் இருக்கிறது. துளசி இலையைக் கசக்கிப் போட்டுப் பொறி வைக்கலாம் என்று இன்றும் விவசாயிகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். கடையில் கிடைக்கிற பொறியில் ஒரு சின்ன ஒட்டுப்பலகைத் துண்டு இருக்கும். சாராயம் ஆறு பங்கு, மெத்தில் யூஜினால் நாலு பங்கு, பூச்சிமருந்து ஒரு பங்கு என்று கலந்து அதை ஊறவைப்பார்கள். மரத்தில் கட்டித் தொங்கவிட்டால் அக்கம்பக்கத்து ஆண் ஈக்கள் எல்லாம் வந்து விழும். ஆண் ஈ இதைத் தின்று, பெண்ணை ஈர்க்கும் வாசனையாக மாற்றிக்கொள்கிறது என்பது பல பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தது.

பழ ஈ வரைபடம் என்று உலகத்தில் எங்கே எது இருந்தாலும், அதன் பின்னால் இந்த மாதிரிப் பொறிகள்தான். ஆனால் பாருங்கள், அங்கேயே ஒரு ஓட்டையும் இருக்கிறது. மெத்தில் யூஜினால் கூப்பிட்டால் வருகிற இனம் உண்டு, வராத இனம் உண்டு. பூசணி, பாகல் வகையைக் கெடுக்கிற ஈக்கு வேறு வாசனை வேண்டும். எந்த வாசனைக்கும் சரியாக மசியாத இனங்களும் இருக்கின்றன. பெண் ஈதான் பழத்தைக் கெடுக்கிறது. பொறியில் விழுவதோ ஆண். ஆக, வரைபடத்தில் நாம் பார்ப்பது எல்லா ஈக்களையும் அல்ல. நாம் கூப்பிட்ட குரலுக்கு வந்த ஈக்களை மட்டும்தான். பத்துப் பாகம் ஆழம் வரை குளிப்பவர், பத்துப் பாகம் வரை இருக்கிற சிப்பியைத்தான் சொல்ல முடியும் என்பது மாதிரி.

பெயர் வைத்தவர்கள்

பிடித்த ஈக்குப் பெயர் வேண்டுமே. இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

உலகத்தில் ஆரஞ்சுத் தோட்டக்காரர்களை அதிகம் பயமுறுத்தியது மத்தியதரைக்கடல் பழ ஈ. பிறப்பிடம் ஆப்பிரிக்கா. ஆனால் 1824இல் வீடெமான் என்ற ஜெர்மானியர் அதற்கு முதன்முதலில் அறிவியல் பெயர் கொடுத்தபோது, அது கிடைத்த இடம் என்று குறித்தது கிழக்கிந்தியா! அந்த ஈ இந்தியாவில் இன்று வரை நிலைகொள்ளவில்லை. ஏதோ ஒரு சீட்டு மாறிப்போனதுதான். உலகப் புகழ்பெற்ற ஒரு பீடையின் முதல் முகவரியே தப்பு முகவரி. 1951இல் லண்டனில் பயிர்ப் பூச்சிகளின் பரவல் வரைபடங்களை வரிசை எண் போட்டு வெளியிட ஆரம்பித்தபோது, முதல் எண் வரைபடம் இந்த ஈக்குத்தான் ஒதுக்கப்பட்டது. அவ்வளவு பயம்.

நம்ம ஊர் ஈக்கள் விஷயம் இன்னும் குழப்பம். மாவையும் கொய்யாவையும் சாத்துக்குடியையும் கெடுக்கிற முக்கியமான ஈயை அந்தக் காலத்து இந்தியப் புத்தகங்கள் 'ஃபெருஜினியஸ்' என்ற பெயரில் அழைத்தன. 1912இல் ஹெண்டல் என்ற ஆஸ்திரியர் தைவானிலிருந்து வந்த ஈக்கு 'டார்சாலிஸ்' என்று பெயர் வைத்தார். 1916இல் இத்தாலியரான மாரியோ பெஸ்ஸி இந்தியா, பர்மா, இலங்கை ஈக்களை ஒன்றாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். 'கரெக்டா' என்கிற கொய்யா ஈக்கு அவர்தான் பெயர் வைத்தவர். கடைசியில் நிலைத்தது டார்சாலிஸ் என்ற பெயர். தமிழில் 'கீழை பழ ஈ' என்று வைத்துக்கொள்வோம்.

தென்னிந்தியப் பூச்சிகளைப் பற்றி 1914இல் பெயின்பிரிக் ஃப்ளெட்சர் ஒரு தடித்த புத்தகம் போட்டார். கோயம்புத்தூரில் வேலை பார்த்த ராமகிருஷ்ண அய்யர் 1940இல் பயிர்ப் பூச்சிகளுக்கு ஒரு கையேடு கொடுத்தார். இவர்கள் உழைப்பைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மன்னார் வளைகுடாவின் இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒரே ஈயா என்று யாரும் அப்போது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஒரே பெயர் இருந்தது, ஒரே ஈ என்று எடுத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கீழை பழ ஈ ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கா அலறியது, ஏனென்றால் ஹவாய்க்கு அடுத்த நிறுத்தம் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்கள். 1952இல் ஸ்டைனர் என்பவர் ஹவ்லெட்டின் மெத்தில் யூஜினாலைத் தூசு தட்டி எடுத்தார். 1960களில் பசிபிக்கில் ரோட்டா என்ற சின்னத் தீவில், அந்த வாசனையும் விஷமும் ஊறவைத்த அட்டைத் துண்டுகளை விமானத்திலிருந்து போட்டு, ஆண் ஈக்களை மொத்தமாகத் தீர்த்து, அந்த ஈயையே ஒழித்துக் காட்டினார்கள். பூசாவில் யாரோ கொசுவுக்குத் தடவிய எண்ணெயிலிருந்து வந்த வித்தை, பசிபிக்கைச் சுற்றி வந்துதான் உலகத்துக்குத் தெரிந்தது.

ஒன்று ஐம்பதாகி, மறுபடி ஒன்றானது

1994இல் ஆஸ்திரேலியர்களான ட்ரூவும் ஹான்காக்கும் டார்சாலிஸ் கூட்டத்தைப் பிரித்து மேய்ந்தார்கள். ஒன்று என்று நினைத்த இடத்தில் 52 இனங்கள், அதில் 40 புதுசு என்று எழுதினார்கள். இலங்கைக்கு 'கண்டியென்சிஸ்' என்று ஒன்று வந்தது, கண்டி ஊர்ப் பெயரில். தென்னிந்தியாவில் மட்டும் இருக்கிற 'காரியே' என்ற இனம் அதற்கு முன்பே பெயர் பெற்றிருந்தது. அதாவது வளைகுடாவின் இரு பக்கமும் ஒரே ஈ இல்லை, பல ஈக்கள். சில பக்கத்துக்குப் பக்கம் மாறும்.

பிறகு 2003. கென்யாவின் கடற்கரையில் மாம்பழத் தோப்புப் பொறிகளில் அங்கே அதுவரை பார்த்திராத ஒரு ஈ விழுந்தது. ஆப்பிரிக்க ஈ இல்லை, ஆசியச் சாடை. சில வருஷத்துக்குள் மேற்கே செனகல் வரை போய்விட்டது. எங்கிருந்து வந்தது? இலங்கை ஈக்களோடு ஒப்பிட்டபோது ஒத்துப்போனது. 2005இல் ட்ரூ, சுருட்டா, வொய்ட் மூவரும் 'இன்வேடென்ஸ்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். படையெடுத்து வருவது என்று பொருள். யோசித்துப் பாருங்கள். பிறந்த ஊரில் அது தனி ஈ என்று யாருக்கும் தெரியாது. அந்நிய ஊரில் போய்த் திருட்டு செய்து மாட்டிக்கொண்ட பிறகுதான் பிறந்த ஊரிலேயே அடையாளம் கண்டார்கள்.

அடுத்த வருஷம், 2006இல், தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் ஒரு குறிப்பு வெளியிட்டார்கள்: இன்வேடென்ஸ் ஈ இந்தியாவுக்குப் புதுவரவு. இப்போது வரைபடத்தில் இந்தியாவும் சிவப்பு. படித்தவர்கள் என்ன நினைப்பார்கள்? இலங்கையிலிருந்து கடல் தாண்டி இப்போதுதான் வந்திருக்கிறது, தூத்துக்குடியிலோ சென்னையிலோ யாரோ கோட்டை விட்டுவிட்டார்கள் என்றுதானே?

2015இல் கதை தலைகீழானது. பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, இணை சேர்த்துப் பார்த்தார்கள், மரபணுவைப் பார்த்தார்கள், வாசனை வேதியியலைப் பார்த்தார்கள். இன்வேடென்ஸ் என்று தனி இனம் இல்லை, அதுவும் டார்சாலிஸ்தான் என்று முடிவு செய்தார்கள். இரண்டும் தங்களுக்குள் இணை சேர்ந்து வம்சம் வளர்க்கின்றன. தென்கிழக்கு ஆசியாவின் பப்பாளி ஈயும் அதே டார்சாலிஸ்தான் என்றார்கள். ட்ரூ ஒத்துக்கொள்ளவில்லை, எதிர்த்து எழுதினார். ஆனால் பெரும்பான்மை அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது.

அப்படியானால் 2006இல் இந்தியாவுக்குப் 'புதிதாக' வந்த ஈ? அது வரவே இல்லை. தாத்தா காலத்திலிருந்து இங்கேயே இருக்கிற ஈயின் ஒரு முகம்தான். ஒரு ஈகூட கடலைத் தாண்டாமல், வரைபடத்தில் மட்டும் ஒரு படையெடுப்பு நடந்து முடிந்திருக்கிறது. 2006இல் குறிப்பு எழுதியவர்கள் மேல் குற்றம் இல்லை. அன்றைக்கு இருந்த பெயர்ப் பட்டியலை வைத்து அவர்கள் சரியாகத்தான் எழுதினார்கள். பட்டியல் மாறியது.

இது யாருக்கு வலிக்கும்?

பெயர் மாறினால் மாறட்டும், பழம் கெடுவது கெடத்தானே போகிறது என்று கேட்கலாம். வலிக்கிற இடம் வியாபாரம்.

புதுப் பழங்களாக ஆரஞ்சு வகைகளை ஏற்றுமதி செய்வதில் ஸ்பெயினுக்கு அடுத்த இடம் தென்னாப்பிரிக்காவுக்கு. 2010இல் அதன் வட எல்லையில், லிம்போபோ மாகாணத்தில், இந்த ஈ பொறியில் விழுந்தது. ஒழித்தார்கள். மறுபடி வந்தது. 2013 வாக்கில் வடக்கில் நிலைத்துவிட்டது. அதுவரை அவர்கள் வருஷக்கணக்கில் எல்லை நெடுகப் பொறி தொங்கவிட்டு, 'இந்த வாரமும் பூஜ்யம்' என்று எழுதி வந்தார்கள். அந்தப் பூஜ்யங்கள்தான் அவர்கள் சொத்து. எங்கள் தெற்குத் தோட்டங்களில் இல்லை என்று வாங்குகிற நாட்டுக்குக் காட்ட அதுதான் ஆதாரம்.

கலிஃபோர்னியாவில் இன்னும் கடுமை. 2024 தொடக்கத்தில் ரெட்லேண்ட்ஸ் என்ற பழைய ஆரஞ்சு ஊரில், கீழை பழ ஈ பிடிபட்டதற்காக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளின் மரங்களிலிருந்து பழங்களை அரசு ஆட்களே வந்து பறித்துப் போனார்கள். வரைபடத்தில் ஒரு கோடு போட்டால் அது வீட்டுக் கொல்லை வரை வருகிறது.

நமக்கு? 2013இல் இந்தியாவிலிருந்து போன 207 சரக்குகளில் பழ ஈ உள்ளிட்ட பூச்சிகள் இருந்தன என்று சொல்லி, 2014 மே 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய மாம்பழத்தையும் கத்தரி, பாகல், புடலை, சேம்பு ஆகியவற்றையும் நிறுத்தியது. மாம்பழத் தடை 2015 ஜனவரியில் நீங்கியது. பூச்சி இருந்தது உண்மை, அதில் சண்டை இல்லை. ஆனால் தடை எந்தத் தோப்புக்கு? மொத்த நாட்டுக்கு. ரத்தினகிரி தோப்புக்கும் ஒன்று, ஈ அதிகமில்லாத இன்னொரு ஊர்த் தோப்புக்கும் அதே ஒன்று. இந்தியா என்ற உருவம் முழுக்க ஒரே வண்ணம் பூசிய வரைபடத்தில் தோட்டத்துக்குத் தோட்டம் வித்தியாசம் தெரியாது.

தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் மேற்கே, மலையடிவாரத்தில் புளியங்குடி இருக்கிறது. எலுமிச்சைக்குப் பேர்போன ஊர். அங்கேயிருந்து லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகிறது. பழ ஈக்கு எலுமிச்சை அவ்வளவு பிடித்த பழம் இல்லை. தோலில் இருக்கிற எண்ணெய் முட்டையையும் குஞ்சுப் புழுவையும் கொல்லும், உள்ளே புளிப்பு. சாத்துக்குடி, கமலா ஆரஞ்சு அளவுக்கு அதில் ஈ பெருகாது. எலுமிச்சைக்காரர்களுக்கு இலையைத் தின்கிற புழுவும் சொறி நோயும் பெரிய தலைவலி. ஆனால் 'நாரத்தைக் குடும்பத்துப் பழங்களைத் தாக்கும், இந்தியாவில் உண்டு' என்று ஒற்றை வரியில் எழுதுகிற பட்டியலில் எலுமிச்சையும் சாத்துக்குடியும் ஒன்றுதான். இல்லை, எங்கள் தோட்டத்தில் வேறு நிலவரம் என்று ஒரு சிறு விவசாயி சொல்ல வேண்டுமானால் கையில் என்ன வேண்டும்? வருஷம் முழுக்க, வாரா வாரம், இந்தப் பொறியில் இத்தனை, அந்தப் பொறியில் பூஜ்யம் என்று எழுதிய ஏடு.

2006இல் வந்த சர்வதேச விதிமுறை ஒன்று இதையேதான் கேட்கிறது. பழ ஈ இல்லாத பகுதி என்று ஒரு வட்டாரத்தை அறிவிக்க வேண்டுமானால், எத்தனை பொறி, எந்த வாசனை, எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்த்தீர்கள், ஒன்றும் விழாத நாட்களின் பதிவு எங்கே என்று கேட்கும். பணக்கார நாடுகளின் தோட்டக்காரர் சங்கங்கள் இதைச் செய்துவிடுகின்றன. அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் செய்ய முடியாது. யாராவது கூட்டாகச் செய்து கொடுக்க வேண்டிய வேலை அது. செய்யாத வரைக்கும் அவர் தோட்டம் வரைபடத்தில் நாட்டின் நிறத்தில்தான் இருக்கும்.

பார்த்தோமா, பார்க்கவில்லையா

மறுபடி முத்துப் பாருக்கு வருகிறேன். 1950களின் கடைசியிலிருந்து தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மகாதேவன், நாகப்பன் நாயர் போன்றவர்கள் சுவாசக் கருவி மாட்டிக்கொண்டு தாங்களே கீழே இறங்கிப் பார்களைப் பார்த்தார்கள். அதுவரை மேலே படகில் உட்கார்ந்து, குளியாள் கொண்டுவந்ததை எண்ணியவர்கள் அதிகாரிகள். இப்போது எண்ணுகிறவரே இறங்கினார். பார்களில் சிப்பி குறைந்துகொண்டே போன கதையை அவர்கள் எழுதிவைத்தது வெறும் புலம்பல் இல்லை, இந்தப் பாரில் இந்த மாதம் இறங்கினோம், இவ்வளவு கண்டோம் என்ற கணக்கு. இயற்கைப் பாரை நம்பிப் பிரயோஜனமில்லை, முத்தை வளர்க்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, 1973இல் தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில் அழகர்சாமி வளர்ப்பு முத்தை எடுத்துக் காட்டியதற்குப் பின்னால் அந்த வெறும் பார்களின் கணக்கும் இருக்கிறது.

ஈ வரைபடத்துக்கும் அந்த மரியாதை வேண்டும். அடுத்த தடவை இணையத்தில் ஏதாவது ஒரு பூச்சியின் உலக வரைபடம் பார்த்தால், சிவப்பாக இருக்கிற நாடுகளை மட்டும் பார்க்காதீர்கள். வெள்ளையாக விட்டிருக்கிற இடத்தைப் பாருங்கள். அங்கே பொறி தொங்கியதா? தொங்கியது என்றால் எந்த வாசனை? விழுந்த ஈக்கு அந்த வருஷம் என்ன பெயர்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் அந்த வெள்ளை, வெறும் பார். இல்லையென்றால் அங்கே இன்னும் ஆள் இறங்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் தனுஷ்கோடிக்கும் தூத்துக்குடிக்கும் பூச்சிக் காவல் கொடுத்தபோது, காவல்காரர் கையில் புகைமூட்டும் அறை இருந்தது, வரைபடம் இல்லை. தனுஷ்கோடி 1964 புயலில் போய்விட்டது. தூத்துக்குடி, 2003இன் தாவரத் தடுப்பாணையிலும் நுழைவுத் துறைமுகமாகத் தொடர்கிறது. இன்று அங்கே பூச்சியியல் படித்தவர்கள் இருக்கிறார்கள், கண்டெய்னர்கள் வருகின்றன, போகின்றன. அவர்கள் மேஜையில் இருக்கிற பட்டியல் எவ்வளவு சரியோ, அவ்வளவுதான் அந்தக் காவலும் சரி. அந்தப் பட்டியல் எழுதப்படுவது துறைமுகத்தில் இல்லை. எங்கேயோ ஒரு கொய்யாத் தோப்பில் தொங்குகிற பிளாஸ்டிக் டப்பாவை வாரம் ஒருமுறை திறந்து, உள்ளே ஒன்றும் இல்லாவிட்டாலும் தேதி போட்டு 'பூஜ்யம்' என்று எழுதுகிறாரே, அவர் நோட்டில்.